ஒரு சுருட்டு, இரண்டு வாய்

ஜூன் 4, செவ்வாய்

என் பல் கிளினிக் நாற்காலியின் மோட்டார் மறுபடி முனக ஆரம்பித்துவிட்டது. ஏற்றச் சொன்னால் ஏற்றுகிறது, இறக்கச் சொன்னால் யோசிக்கிறது. இன்று ஒரு லாரி டிரைவரை அந்தரத்தில் விட்டுவிட்டு நர்சும் நானும் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மேலிருந்து அவர், "டாக்டர், நான் குதிச்சிரட்டுமா, இல்ல இங்கேயே குடியிருந்துக்கவா?" என்றார். பல் முழுக்கப் புகையிலைக் கறை. வழக்கமான உபதேசத்தை ஆரம்பித்து முடித்தேன். இந்த உபதேச வாய் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்யும் என்று தெரிந்திருந்தால் அந்த மனுஷன் முகத்துக்கு நேரே சிரித்திருப்பார்.

சாயங்காலம் தங்கச்சி போன் செய்தாள். தங்கச்சி என்றால் என் சிநேகிதன் முழத்தின் மனைவி. "அண்ணா, இந்த ஞாயித்துக்கிழமை வாங்களேன். எப்பவாவது ஒரு சுருட்டு, அதுலயும் பாதின்னு இவரோட டாக்டர் ஒத்துக்கிட்டார். காலையிலேர்ந்து உங்க பேச்சுதான்" என்றாள்.

நிலம் அளக்கிற வேலை பார்த்தவன் முழம். கல்லூரி விடுதியில் வைத்த பேர். கட்டில், கதவு, வார்டன் மீசை எதைப் பார்த்தாலும் கையால் அளந்து சொல்வான். அவனுக்கு நான் பல்லு. அவன் காதோரத்தில் இருந்த கட்டியைப் போன குளிர்காலத்தில் எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. ஆனால் எடுக்கும்போது முகத்து நரம்பு போய்விட்டது. இடது கன்னமும் உதடும் தொங்கிவிட்டன. இனிமேல் அது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் கட்டுப் போட்டிருந்தது, அதனால் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

பீரோவின் மேல் தட்டிலிருந்து சுருட்டுப் பெட்டியை இறக்கினேன். உள்ளே வைத்திருந்த ஈரப்பஞ்சு காய்ந்து கருவாடாகிக் கிடந்தது. நனைத்துப் பிழிந்து வைத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துக்கொண்டே நோயாளிகளைப் பார்த்தேன்.

கிளினிக் திறந்த புதிது. ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே ஈதான். முழம் வேலைக்கு நடுவே வந்து எட்டிப் பார்ப்பான். ஒருநாள், "டேய் பல்லு, கண்ணாடிக் கதவு வழியா ரோட்டுலேர்ந்து எல்லாம் தெரியுது. காலி நாற்காலியைப் பார்த்துட்டு எவன் உள்ள வருவான்?" என்று சொல்லிவிட்டு அவனே ஏறி உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டான். ஒரு மணி நேரம். நானும் கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தேன். "வலிக்கிற மாதிரி முகத்தை வச்சுக்காதடா, ஓடிருவான்" என்றேன். அந்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்படித்தான் முதல் நோயாளி வந்தார், ஒரு கப்பல் சமையல்காரர். ஞானப்பல் படாத பாடு படுத்தியது. எடுத்துவிட்டேன். மறுநாள் வந்து கையில் ஒரு சுருட்டைத் திணித்தார். ஒன்றே ஒன்று. தங்கப் பட்டை சுற்றியது. மோந்தால் மரமும் தேனும் மாட்டுக்கொட்டகையும் ஒன்றாக வரும்.

ஒன்றுதான் இருந்தது, இரண்டு பேர் இருந்தோம். முழம் விரலால் அளந்து நடுவில் நகத்தால் கீறினான். பிறகு அந்தக் கீறலை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அவன் ரெண்டு இழுப்பு, நான் ரெண்டு இழுப்பு. அதே வழக்கமாகிவிட்டது. கையில் காசு வந்த பிறகு நல்ல நல்ல சுருட்டெல்லாம் வந்தது, பெட்டி பெட்டியாக வந்தது. ஆனாலும் ஒரு உட்காரலுக்கு ஒன்றுதான். ஆளுக்கொன்று பற்றவைக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. ஆளுக்கொன்று பிடிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சுருட்டு எதிராளி கையில் இருக்கிற நேரத்தில்தான் பேச்சு வரும். கையில் ஒன்றும் இல்லாதவன் பேசுவான், இருப்பவன் கேட்பான். அவன் மகள் கல்யாணம், என் அப்பா போனது, எல்லாவற்றையும் அப்படித்தான் பேசினோம்.

ஜூன் 9, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. நாளைக்கு.

ஜூன் 10, திங்கள்

சரி. எழுதித்தான் ஆக வேண்டும்.

பின்பக்க பால்கனியில் நாற்காலி போட்டு வைத்திருந்தான். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். வலது பக்கம் என்னைப் பார்க்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தான். உட்கார்ந்த பிறகுதான் அது ஏன் என்று புரிந்தது. பேச்சு கொஞ்சம் குழறுகிறது. ஆனால் கிண்டல் போகவில்லை. "முகத்துல பாதிக்கு வாடகை குடுக்க வேண்டாம்னுட்டாங்க" என்றான். சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன்.

பற்றவைப்பவனுக்கு முதல் இழுப்பு. அவன்தான் பற்றவைத்தான். உதட்டின் வலது ஓரத்தில் வைத்து, இடது பக்கத்தை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இழுத்தான். புகை எந்தப் பக்கம் போகலாம் என்று தடுமாறி வெளியே வந்தது. ரெண்டு இழுப்பு. என்னிடம் நீட்டினான்.

நுனி நனைந்திருந்தது. அவன் உதட்டிலிருந்து அதற்கு ஒரு இழை நீண்டு அறுந்தது.

நான் கைக்குட்டையை எடுத்தேன். நுனியை அதில் வைத்து உருட்டித் துடைத்தேன். துடைத்துவிட்டு வாயில் வைத்தேன்.

இவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றும் இல்லை. புகையை விட்ட பிறகுதான் அவனைப் பார்த்தேன். அவன் எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் பாதியில் ஒன்றும் தெரியாது. தெரிகிற பாதியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் சுருட்டை நீட்டினேன். "நீயே பிடி, எனக்குப் போதும்" என்றான். இன்னும் சாம்பல்கூட விழவில்லை.

அப்புறம் நான் பேசினேன் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. நாற்காலி மோட்டார், லாரி டிரைவர், விலைவாசி. வாய் ஓயவே இல்லை. கைக்குட்டை என் மடியிலேயே கிடந்தது. அதை எடுத்துப் பைக்குள் வைக்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

தொழில் பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது. காலையிலிருந்து எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிளினிக்கில் என் கை என்ன செய்கிறது என்று கவனித்தேன். கருவி வாயிலிருந்து வெளியே வந்தால் தட்டில் போகிறது, தட்டிலிருந்து கொதிநீருக்குப் போகிறது. எதையும் துடைத்து என் வாயில் வைத்துக்கொண்டதாக ஞாபகம் இல்லை. அப்புறம் என்ன தொழில் பழக்கம், மண்ணாங்கட்டி.

கூசியது. அதுதான் நிஜம். இத்தனை வருஷம் ஊரார் எச்சிலில் கையை விட்டுச் சோறு தின்றவனுக்கு முழத்தின் எச்சில் கூசியது. எத்தனையோ வருஷமாக நுனி நனைந்துதானே வந்தது? அப்போது அது எச்சில் என்றே தெரியவில்லையே. இப்போது மட்டும் ஏன் — எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால்தான்.

ஜூன் 16, ஞாயிறு

போன் செய்தேன். தங்கச்சி எடுத்தாள். "தலைவலிங்கிறார் அண்ணா, அடுத்த வாரம் பார்ப்போமே." பின்னால் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. முழத்துக்குத் தலைவலி வந்தால் வீட்டில் மின்விசிறிகூடச் சுற்றக் கூடாது.

ஜூன் 22, சனி

வழி கண்டுபிடித்துவிட்டேன். இதுவரை ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. பெரிய ஹோட்டல் கடைக்குப் போய் இருப்பதிலேயே நல்ல சுருட்டாக இரண்டு வாங்கினேன். கண்ணாடிக் குழலுக்குள் தனித்தனியாக இருக்கிறது. ஆளுக்கொன்று. அவனும் நிம்மதியாகப் பிடிப்பான், எனக்கும் சங்கடம் இல்லை. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் காட்டினேன். குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு எதுக்கு?" என்றாள். அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

அவனும் அதைத்தான் கேட்டான்.

"ரெண்டா?"

"ஆளுக்கொண்ணுடா. வசதி வந்துருச்சு இல்ல."

குழலை வாங்கினான். விரலால் நீளத்தை அளந்தான். "நல்ல சரக்கு" என்றான். சட்டைப் பையில் செருகிக்கொண்டான். "நான் அப்புறமா பிடிக்கிறேன். நீ பிடி."

"சேர்ந்து பிடிக்கத்தானே வந்தேன்."

"நீ பிடிடா. எனக்குப் பார்த்துக்கிட்டு இருந்தாலே போதும்."

ஒரு முழுச் சுருட்டையும் நான் தனியாகப் பிடித்தேன். அவன் எதிரில் உட்கார்ந்து மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச முடியவில்லை, ஏனென்றால் சுருட்டு என் கையிலேயே இருந்தது. அவனும் பேசவில்லை. முடியவே மாட்டேன் என்றது அந்தச் சனியன். பாதியில் அணைத்தால் தப்பாக நினைப்பான் என்று கடைசிவரை இழுத்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்து "பார்த்துப் போ" என்றான். வாசலில் நின்று வழியனுப்புகிற அளவுக்கு நான் விருந்தாளியாகிவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

முட்டாளா நான்? ஆளுக்கொண்ணாம். வசதியாம். ஒரு தடவை துடைத்தது போதாதென்று, இனி உன் வாய் பட்டது எனக்கு வேண்டவே வேண்டாம் என்று கண்ணாடிக் குழலில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

துடைத்த கதையை இவளிடம் சொல்லவே இல்லை. ஆனால் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று துணி மடித்துக்கொண்டே, நான் பேப்பர் படிக்கிற சாக்கில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்.

"நேத்து தங்கச்சி வந்திருந்தா. நீங்க அங்க போறதுக்கு முன்னாடி ரொம்ப நாளா அவர் கண்ணாடி முன்னாடி நின்னு பென்சிலை வாயில வச்சு வச்சுப் பழகினாராம்."

"என்ன பென்சில்?"

"பென்சில்ல காகிதத்தைச் சுத்தி, சுருட்டு தடிமனுக்கு. நனையாம எடுக்க வருதான்னு. ஒவ்வொரு தடவையும் எடுத்துக் காகிதத்தைத் தொட்டுப் பார்ப்பாராம். முந்தின நாள் சனிக்கிழமை காய்ஞ்சே வந்துதாம். அவளைக் கூப்பிட்டுக் காட்டினாராம்."

நான் பேப்பரை இறக்கவில்லை.

"பத்தவச்சது பென்சில் இல்லையே, புகைக்கு வாய் ஊறும்ல. அது அவருக்குத் தோணலை போலிருக்கு" என்று சொல்லிவிட்டு மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன். காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான் என்கிறாளே. அவன் வாய் இருக்கிறதே, அது எனக்காக ரோட்டைப் பார்த்துத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வாய்டா. நாயே.

ஜூலை 3, புதன்

கிளினிக்கைச் சீக்கிரம் மூடிவிட்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வாக்கியம் ஒன்று இருந்தது. அவனைப் பார்த்ததும் அது எங்கேயோ போய்விட்டது.

"டேய், அன்னிக்கு நான் சுருட்டைத் துடைச்சேன்ல..."

"எதை? எப்போ?"

"அன்னிக்குத்தான்டா. கைக்குட்டையால."

"அப்படியா? நான் பார்க்கலையே." குவளையைச் சாய்த்துக்கொண்டே சொன்னான். செடித்தொட்டி நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அங்கேயாவது நிஜத்தைச் சொன்னேனா? இல்லை. "தொழில் பழக்கம் பாரு, கை தானாப் போயிருச்சு" என்றேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் பொய். அவனும் அதை அப்படியே வாங்கிக்கொண்டான். "ஆமாமா. நானும் ரிடையர் ஆகியும் ரோட்டை அளந்துக்கிட்டுத்தானே நடக்கிறேன்" என்றான். நான் தப்பித்துப் போக அவனே கதவைத் திறந்துவிட்டான். நானும் வெட்கமில்லாமல் அந்த வழியாகவே வந்துவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை வா. ஒண்ணு போதும்" என்றான்.

ஒன்று போதும் என்றான். அந்த வார்த்தையைக் கேட்டு ஸ்கூட்டரில் சீட்டியடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

சந்தோஷமாகப் போனேன். பெட்டியிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டு போனேன்.

பற்றவைத்தான். ரெண்டு இழுப்பு. பிறகு மடித்த வெள்ளைத் துணி ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். தயாராக வைத்திருந்திருக்கிறான். நுனியை அதில் வைத்துத் துடைத்தான். நிதானமாக, சுற்றி, நான் அன்றைக்குச் செய்த மாதிரியே. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"இந்தா."

வாங்கிக்கொண்டேன்.

வேண்டாம்டா என்று சொல்லியிருக்கலாம். துணியைப் பிடுங்கிக் கீழே எறிந்திருக்கலாம். வாங்கிக்கொண்டேன், பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் துடைத்தான், ஒவ்வொரு தடவையும் நான் வாங்கிக்கொண்டேன். அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. காய்ந்த நுனி வாயில் பட்டபோது அப்பாடா என்றிருந்தது. டீ கொண்டுவந்த தங்கச்சி அதைப் பார்த்தாள். தட்டை அவன் பக்கமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 8, திங்கள்

ஒரு பெரியவர் வந்திருந்தார். பல்செட்டுக்கு அளவெடுக்கும்போது எச்சில் என் கையில் வழிந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க டாக்டர், கட்டுப்படுத்த முடியல" என்று கூனிக்குறுகிப் போனார். "அட, வாய்னா எச்சில் இருக்கத்தானே செய்யும், அதுக்கு ஏன் மன்னிப்பு" என்று தட்டிக்கொடுத்தேன். எவ்வளவு அழகாக வருகிறது எனக்கு. வெளியே போகும்போது நர்சிடம், "தங்கமான டாக்டர்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கைகழுவுகிற தொட்டிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன்.

முழம் இப்படியே துடைத்துத் துடைத்துக் கொடுப்பான். சாகிறவரை கொடுப்பான். நானும் வாங்கிக்கொண்டே இருப்பேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் எங்களுக்குள் அதற்கப்புறம் என்ன மிச்சம் இருக்கும்?

ஜூலை 14, ஞாயிறு

இன்று நடந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

அவன் ரெண்டு இழுப்பு இழுத்தான். கை சட்டைப் பைக்குப் போனது. நான் எட்டிச் சுருட்டைப் பிடித்தேன். "குடு" என்றேன்.

"இருடா, துடைச்சுட்டு—"

"துடைக்காதே. குடு."

"எனக்கென்ன கஷ்டம் இதுல."

"குடுன்னா குடுடா."

அவன் விடவில்லை. நானும் விடவில்லை. இரண்டு கிழங்களும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று ஒரு சுருட்டுக்கு இழுபறி. என் பக்கம் நெருப்பு, புறங்கையில் சுட்டுவிட்டது. "விடுடா பல்லு, சுடும்" என்கிறான், விடமாட்டேன் என்கிறான். சட்டென்று நடுவில் முறிந்தது. இலை உதிர்ந்து, சாம்பல் பறந்து, தங்கச்சி கழுவிவிட்ட தரையெல்லாம் குப்பை. சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தாள். எங்களைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "இதுக்கு ரெண்டு பேரும் ஸ்கூலுக்கே போயிருக்கலாம்" என்றாள்.

முழம் சிரிக்க ஆரம்பித்தான். ஒரு பக்கம் மட்டும் ஏறிய சிரிப்பு. மறுபக்கத்திலிருந்து எச்சில் வழிந்து சட்டையில் சொட்டியது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அவனை நான் நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. வெட்கக்கேடு.

வாய் வைத்த துண்டு அவன் கையில் இருந்தது. முறிந்த பக்கத்தைப் பற்றவைத்தான், என்னிடம் நீட்டினான். துடைக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாயில் வைத்தேன். ஈரம். இழுத்தேன்.

"கூசுதா?" என்றான்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது. இந்த வாய்க்குப் பொய் சுலபமாக வரும். ஆனால் அவன் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூசுதுடா" என்றேன். "அன்னிக்கும் அதுதான். பழக்கமெல்லாம் இல்ல. கூசித்தான் துடைச்சேன்."

சொல்லிவிட்டுத் தலையைத் தூக்க முடியவில்லை. எழுந்து போகச் சொல்வான் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கும்தான்" என்றான்.

"என்ன உனக்கும்?"

"என் வாய் எனக்கே கூசுதுடா. பல் விளக்கும்போது கண்ணாடியைத் திருப்பி வச்சிடறேன். உனக்குக் கூசாதுன்னு நானா நினைச்சுக்கிட்டேன் பாரு, அதுதான்..." கையை நீட்டினான். "ரெண்டு இழுப்பு ஆச்சு. குடு இப்படி."

கொடுத்தேன். அவன் பிடித்தான். திருப்பிக் கொடுத்தான். நான் பிடித்தேன். கூசிக்கொண்டேதான் பிடித்தேன், அவனும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். அப்புறம் அவன் மகள் வீட்டுக் கதையை எடுத்தான். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று முதல் சுற்றில் சுருட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் நோயாளிகளிடம் கேட்கிற குரலிலேயே, "போன வாரத்துக்கு இப்ப கூச்சம் எப்படி இருக்கு?" என்றான்.

"கொஞ்சம் இருக்கு, டாக்டர்" என்றேன்.

"போகப் போகச் சரியாயிரும். வாயை நல்லா திறங்க" என்றான்.